பெண்டாட்டி வண்டியும் கொளஞ்சியின் இடது காலும்

உலகத்திலேயே வேகமான வண்டி திண்டிவனத்தில்தான் இருந்தது. அதை ஒரு மிதி மிதித்தால், மிதித்த கால் திண்டிவனத்தில் இருக்கும்போதே முன்சக்கரம் விழுப்புரம் ஜங்ஷனில் டீ குடித்துக்கொண்டிருக்கும். வண்டியின் நிழல் பின்னாலேயே ஓடிவந்து, மூச்சு முட்டி, மயிலம் மலையடிவாரத்தில் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு மறுநாள்தான் வந்து சேரும். சந்தேகம் இருக்கிறவர்கள் கொளஞ்சியைக் கேட்கலாம். எட்டு வருஷம் அதை ஓட்டியவர் அவர்தான். அந்த எட்டு வருஷமும் முதல் கியரைத் தவிர வேறு கியர் போட்டதில்லை என்பது மட்டும்தான் இதில் ஒரு சின்னக் குறை.

வண்டி சீமையில் செய்தது. இரண்டே கதவு, பின்னால் மடக்கி வைக்கிற துணிக்கூரை, உட்கார்ந்தால் உள்வாங்கிக்கொள்கிற தோல் சீட்டு. புதுச்சேரியில் மில் வேலை பார்த்த ஒரு வெள்ளைக்காரத் துரை நெடுந்தூரம் பறக்கலாம் என்று கப்பலில் வரவழைத்தார். வண்டி வந்து சேர்ந்ததும் துரை ஊருக்குப் பறந்துவிட்டார். திண்டிவனத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை ஆட்டி எண்ணெய் எடுக்கும் மில் வைத்திருந்த பாண்டுரங்கம் அதை வாங்கினார். அது ஐம்பத்து நாலாம் வருஷம். வண்டியின் பெயர் பென்ட்லி. ஊர் வாயில் அது ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை, பெண்டாட்டி ஆகிவிட்டது.

"முதலாளி, வர்ற முகூர்த்தத்துக்கு உங்க பெண்டாட்டிய ஒரு சாயங்காலம் அனுப்பி வைக்கணும்" என்று ஒரு கல்யாண வீட்டுக்காரர் கும்பிட்டுக் கேட்டபோது, உள்ளே பாண்டுரங்கத்தின் சம்சாரம் கிருஷ்ணவேணி கையிலிருந்த சொம்பைப் போட்டுவிட்டாள். அந்தச் சொம்பின் நெளிவு இன்னும் நிமிரவில்லை என்று கேள்வி.

பாண்டுரங்கம் அனுப்பி வைத்தார். அன்றிலிருந்து அந்த வண்டிக்கு ஒரே வேலை, மாப்பிள்ளை அழைப்பு. கூரையை மடக்கி, அதன்மேல் ஜமுக்காளம் விரித்து, மாலை போட்ட மாப்பிள்ளையை உச்சியில் உட்கார வைப்பார்கள். முன்னால் மேளம், இரண்டு பக்கமும் கியாஸ் லைட்டு. பிள்ளையார் கோயிலில் தொடங்கிப் பெண் வீடு வரைக்கும் ஊர்வலம். நாயனக்காரர் நின்றால் வண்டியும் நிற்க வேண்டும். அவர் நகர்ந்தால் வண்டியும் நகர வேண்டும். ஒரு முழம் கூடப் போனால் தவில்காரர் முதுகில் முட்டும்.

அதற்குத்தான் கொளஞ்சி. இடது காலால் கிளட்சைப் பாதி மிதித்து, பாதி விட்டு, விட்டதை மறுபடி மிதித்து, ராகம் முடிகிற வரைக்கும் அப்படியே வைத்திருப்பார். வண்டி கொதிக்கும். ஈரச் சாக்கைப் போட்டுத் தணிப்பார். கால் கொதிக்கும். அதற்குச் சாக்கு கிடையாது. ஐந்தாறு வருஷத்தில் முட்டி வீங்கி, நடக்கும்போது அந்தக் காலைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு வர ஆரம்பித்தார். வண்டிக்கு எத்தனை மைல் ஓடியது என்று காட்ட ஒரு மீட்டர் இருந்தது. காலுக்கு அந்த வசதியைச் செய்து அனுப்பாமல் விட்டுவிட்டார்கள்.

கொளஞ்சி கல்யாணம் கட்டியபோது அவர் நடந்துதான் வந்தார். மழை வேறு பிடித்துக்கொண்டது. சம்சாரம் அம்சா அதைச் சொல்லிச் சொல்லியே இருபது வருஷம் சிரித்திருக்கிறாள். அதனால், மகள் பவுனு சின்னப் பெண்ணாக இருந்தபோது மில் வாசலில் பத்துப் பேர் முன்னால் பாண்டுரங்கம் ஒரு வார்த்தை சொன்னார் பாருங்கள், அது கொளஞ்சிக்கு நெஞ்சில் குத்தி வைத்த பச்சை மாதிரி ஆகிவிட்டது.

"உன் பொண்ணு கல்யாணத்துக்கு இந்த வண்டிதான்யா. நானே நின்னு அனுப்புறேன். இல்லன்னா என்னை என்னன்னு கேளு."

அறுபத்திரண்டில் பவுனுக்கு மாப்பிள்ளை அமைந்தது. கண்டமங்கலத்துப் பையன், பெயர் வீரமுத்து. "மாப்ள பெண்டாட்டியிலதான் வருவாரு" என்று கொளஞ்சி பெருமையாகச் சொல்ல, பையனைப் பெற்றவள் எழுந்தே நின்றுவிட்டாள். விஷயம் விளங்கியதும் அவளுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. கண்டமங்கலம் முழுக்கச் சொல்லி வைத்தாள்.

அந்த மாசம்தான் பாண்டுரங்கம் வண்டியை விற்பதென்று முடிவு செய்தார். மல்லாட்டை விலை விழுந்திருந்தது. மெட்ராஸில் இந்த மாதிரி வண்டிக்கு ஆள் இருப்பதாக யாரோ சொன்னார்கள். எட்டு வயசு வண்டி, மீட்டரில் பார்த்தால் நேற்றுப் பிறந்த குழந்தை. இதற்கு மேல் என்ன வேண்டும்?

கொளஞ்சிக்குத் தெரியும், என்ன வேண்டும் என்று. முதல் கியரிலேயே கொதித்துக் கொதித்துக் கிளட்ச் தேய்ந்து கிடந்தது. எஞ்சின் உள்ளுக்குள் கரி பிடித்து இருமியது. குறைந்த மைல் என்பது அந்த வண்டிக்கு நோவே தவிர, நலம் இல்லை. பாண்டுரங்கத்துக்கும் அது தெரியும். வாங்க வருகிறவர் வருகிற அன்று காலையிலேயே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"கொளஞ்சி, அந்த ஆளு எது கேட்டாலும் நல்லா இருக்குதுன்னு சொல்லு. போதும். வாயத் தொறந்து வேற எதுவும் உளறி வைக்காத."

"வெள்ளிக்கிழம கல்யாணம்ங்க, முதலாளி."

"எனக்குத் தெரியாதா? கல்யாணம் முடிஞ்சாத்தான் வண்டி இந்த ஊர வுட்டுப் போவும். சொல்லிட்டேன் இல்ல?"

மெட்ராஸ்காரர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். மீட்டரைக் குனிந்து பார்த்தார். பார்த்தவர் முகம், பிறந்த குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணி வைக்கிறவர் முகம் மாதிரி ஆனது. கொளஞ்சி பக்கம் திரும்பினார்.

"டிரைவர், நீ சொல்லுப்பா. வண்டி எப்படி?"

ஒரு வார்த்தை போதும். கிளட்ச் போய்விட்டது என்று சொன்னால் அவர் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவார், வெள்ளிக்கிழமை வண்டி ஷெட்டில் இருக்கும். ஆனால் சொல்லிவிட்டால் முதலாளி தருவாரா? சொல்லாவிட்டால் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறாரே. கொளஞ்சி வாக்கை நம்பினார்.

"தங்கம்ங்க" என்றார்.

"நோகாம வச்சிருக்கீங்க" என்றார் மெட்ராஸ்காரர். "எனக்குப் பிடிச்சிப் போச்சு. இப்பவே எடுத்துக்கறேன். இல்லன்னா திருச்சியில வேற ஒண்ணு சொல்லியிருக்காங்க."

பாண்டுரங்கம் ஒரு கணம் கூரையைப் பார்த்தார். கூரையில் ஒன்றும் இல்லை.

"சாவியக் குடு, கொளஞ்சி."

"முதலாளி, வெள்ளிக்கிழம..."

"என்ன வெள்ளிக்கிழமை?" என்றார் மெட்ராஸ்காரர்.

"ஒண்ணும் இல்லீங்க" என்று பாண்டுரங்கம் சிரித்தார். "வெள்ளிக்கிழமன்னா வண்டிக்குச் சூடம் காட்டுவான். கையோட பழகிடுச்சு பாருங்க, அந்த ஏக்கம் அவனுக்கு."

கொளஞ்சி சாவியைக் கொடுத்தார். கதவைத் திறந்துவிட்டதும் அவர்தான். வண்டி ரோட்டுக்கு ஏறியது. முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது. எட்டு வருஷத்தில் அது அப்படி ஒரு சத்தம் போட்டு அவர் கேட்டதே இல்லை.

ஆனால் கேளுங்கள். ஒலக்கூர் தாண்டவில்லை, நடு ரோட்டில் கிளட்ச் தீய்ந்து வண்டி நின்றுவிட்டது. மெட்ராஸ்காரர் தலையில் அடித்துக்கொண்டு பஸ் ஏறினார். வண்டியை இரண்டு மாடு கட்டித் திண்டிவனத்துக்கே இழுத்து வந்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதே மாடுகளுக்குக் கொம்பில் பூச்சுற்றி, அதே வண்டியில் வீரமுத்துவை உச்சியில் உட்கார வைத்து, ஊரே பார்க்க ஊர்வலம் போனது. கொளஞ்சி ஸ்டியரிங்கை மட்டும் பிடித்துக்கொண்டார். இடது காலை நீட்டி வைத்துக்கொண்டு, ராஜா மாதிரி...

"நிறுத்து" என்றார் கொளஞ்சி.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, தான் எழுதிய இந்தக் கதையை உரக்க வாசித்துக்கொண்டிருந்த சின்னதுரை நிறுத்தினான். எட்டாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, ஊரை வம்புக்கு இழுப்பதையே வேலையாக வைத்திருக்கிறவன். கொளஞ்சி பீடியைத் தரையில் தேய்த்து அணைத்தார்.

"வண்டி நின்னுடுச்சுன்னு யார்றா உனக்குச் சொன்னது? அது எங்கயும் நிக்கல. மறாநாளு லாரிக்காரன் வந்து சொன்னான், செங்கல்பட்டாண்ட பறந்துகினு போச்சாம்."

"தெரியும்ண்ணே. நல்லா இருக்கட்டுமேன்னு போட்டேன்."

"என் மாப்ள நடந்துதான் வந்தான். அவங்க ஊரு சனம் மொத்தமும், எங்கடா வண்டின்னு என்னைப் பாத்துகினே வந்துச்சு. அத எழுது."

"சரிண்ணே."

"இன்னொண்ணு வுட்டுட்ட. அப்ப ஐஸ்காரன் ஹாரனப் பிடுங்கிக்கினு மாப்ள பின்னாலயே ஒருத்தன் பாம் பாம்னு அடிச்சிக்கினு வந்தானே. சனம் மொத்தமும் என்னை வுட்டுட்டு அதப் பாத்துச் சிரிச்சுது. மாப்ளகூடச் சிரிச்சான். அது ஏன் இதுல இல்ல?"

சின்னதுரை காகிதத்தை நாலாக மடிக்கத் தொடங்கினான். "அது சும்மா... நக்கலுக்கு அடிச்சேண்ணே."

"நக்கலா?" கொளஞ்சி இடது காலைக் கையால் தூக்கி பெஞ்சிமேல் வைத்துக்கொண்டார். "சனம் ஹாரனப் பாத்துச்சு. நான் அடிச்சவன் மூஞ்சியத் திரும்பிப் பாத்தேன். நக்கல் பண்றவன் மூஞ்சியாடா அது?"