வாழைச்சீப்பில் செருகிய தாய்மாமன் சீர்

ஒரு கார்ட்டைத் தாம்பாளத்தில் வைத்து, தப்பு அடிக்க, ஊர் பார்க்க, தலைநிமிர்ந்து தூக்கிக்கொண்டு போவது எப்படி? இந்தக் கேள்விக்காக மண்டையை உடைத்துக்கொண்டவன் இந்த நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கொழும்பில் ஒரு பெரிய துணிக்கடையில் எனக்கு வேலை. கடை என்றால் முன்பக்கம் இல்லை, பின்பக்க ஸ்டோர். பெட்டி பிரிப்பேன், அடுக்குவேன், மறுபடி பெட்டி பிரிப்பேன். புதுவருஷத்துக்கு முன்னால் எங்கள் எல்லாருக்கும் கடையிலிருந்து ஆளுக்கொரு கிஃப்ட் கார்ட் கொடுத்தார்கள். அதை வைத்து அந்தக் கடையில் மட்டும்தான் சாமான் வாங்கலாம். அதையும் புதுவருஷக் கூட்டம் ஓய்ந்த பிறகுதான் வாங்கலாம், சீசன் நேரத்தில் வேலையாட்கள் போய் கவுண்டரை அடைக்கக்கூடாதாம். ஏழு மணிக்குப் பசிக்கிறவனுக்கு ஒன்பது மணிக்குத் திறக்கிற கடையின் சாப்பாட்டுச் சீட்டைக் கொடுத்த கதைதான். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை.

அந்த வாரம் பார்த்து அக்கா எனக்கு ஃபோன் எடுத்தாள். மகள் பெரிய மனுஷியாகிவிட்டாள், வருகிற ஞாயிற்றுக்கிழமை சடங்கு.

"நீதான் தாய்மாமன். ஒன் சீரு வந்தாத்தான் எனக்கு மரியாத. இந்தத் தடவையாவது ஒங்க அத்தான் வாய அடைக்கணும்டா," என்றாள்.

அத்தானின் வாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காவைக் கட்டிக்கொடுத்தது புளத்கொகுபிட்டியவுக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில். அக்கா பால் வெட்டுகிறாள், அத்தான் அந்தப் பாலை ஏற்றிப் போகிற ட்ரக்டர் ஓட்டுகிறார். கெட்ட மனிதர் இல்லை. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. "ஒங்க வீட்டுலயிருந்து என்ன வந்துச்சு?" குழம்பில் உப்பு குறைந்தாலும் இதே கேள்வி, ட்ரக்டர் ஸ்டார்ட் ஆகாவிட்டாலும் இதே கேள்வி. அவருடைய ட்ரக்டர் பற்றரிக்கும் எங்கள் வீட்டுக்கும் என்னய்யா சம்பந்தம்? அக்காவோ பதில் சொல்ல வழியில்லாமல் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள். எங்கள் வீட்டிலிருந்து உண்மையிலேயே ஒன்றும் போகவில்லை.

கையிலிருந்த சல்லிக்கெல்லாம் வாழைப்பழம், தேங்காய், வளையல், லட்டு என்று வாங்கிவிட்டேன். பட்டுச்சேலைக்கோ நகைக்கோ வழியில்லை. கார்ட்டை வைத்துக்கொண்டு சல்லி தாங்கடா என்று கூட வேலை செய்கிறவர்களிடம் கேட்டுப் பார்த்தேன். ஒவ்வொருவனும் தன் கார்ட்டை எடுத்து என்னிடம் நீட்டினான். சரி, இதுதான் சீர், வருவது வரட்டும் என்று பஸ் ஏறினேன். அந்த பஸ்ஸில் என் பக்கத்து ஜன்னல் கண்ணாடி அவிசாவளை வரைக்கும் கடகடவென்று ஆடிக்கொண்டே வந்தது. கடைசியில் கார்ட்டை எடுத்து இடுக்கில் செருகினேன். கண்ணாடி கப்சிப். கார்ட் கையில் கிடைத்ததிலிருந்து அது பார்த்த முதல் உருப்படியான வேலை அதுதான்.

தோட்டத்தில் சீர் கீழே கோயிலிலிருந்து கிளம்பி மேலே அக்கா குடியிருக்கிற லயத்து வீட்டுக்குப் போக வேண்டும். உறவுக்காரப் பெண்கள் ஆளுக்கொரு தட்டு எடுத்துக்கொண்டார்கள். என் தாம்பாளத்தில் கார்ட்டைப் படுக்கவைத்தேன், பழத்துக்குள் ஒளிந்துகொண்டது. தேங்காய்மேல் சாய்த்தேன், வழுக்கி விழுந்தது. பிறகு ஊதுபத்தி செருகுகிற மாதிரி ஒரு வாழைப்பழத்தைக் கீறி அதில் நட்டுவைத்தேன். நன்றாக எடுப்பாக நின்றது. என்னவோ ஏதோ என்று பக்கத்தில் நின்ற பெரியம்மா ஒருத்தி அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பாதி ஏற்றத்தில் மழை பிடித்துக்கொண்டது. வளையல் தட்டு, லட்டுத் தட்டெல்லாம் நனைந்து சொட்ட, என் சீருக்கு மட்டும் ஒரு சேதமும் இல்லை. எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. அதற்குள் கால் நமநமவென்றது. குனிந்து பார்த்தால் கெண்டைக்காலில் அட்டை, ரத்தத்தை நன்றாகக் குடித்து உருண்டு போயிருக்கிறது. தாம்பாளத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் கார்ட்டை உருவி, அட்டையை வழித்து எறிந்துவிட்டு, கார்ட்டை மறுபடியும் பழத்தில் செருகினேன். தப்புக்காரர்கள் ஒரு அடிகூட நிறுத்தவில்லை.

லயத்து வாசலில் கூடாரம் போட்டிருந்தார்கள். தாம்பாளத்தை இறக்கியதும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், இதற்காகத்தான் கொண்டுவந்தேன் என்று நினைத்தாரோ என்னவோ, கார்ட்டை எடுத்து அதன் நுனியால் சுண்ணாம்பை அள்ளி வெற்றிலையில் தடவிவிட்டு இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தார். ஆக, சீர் மைக் செட்காரன் கைக்குப் போய்ச் சேர்ந்தபோது அதில் வாழைப்பழம், என் ரத்தம், சுண்ணாம்பு மூன்றும் இருந்தன.

மைக் செட் போடுகிறவன் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். வந்த சீரையெல்லாம் எடுத்துக் காட்டி மைக்கில் சொல்வது அவன் வேலை. "பித்தளைக் குடம் ஒன்று. குத்துவிளக்கு ஒரு சோடி." இப்படிச் சொல்லிக்கொண்டே வந்தவன், "அடுத்தது, தாய்மாமன் சீர்" என்று கார்ட்டைக் கையில் எடுத்தான். திருப்பினான். கட்டியிருந்த சாரத்தில் துடைத்தான். கிஃப்ட் கார்ட் என்கிற எழுத்தைச் சுண்ணாம்பு மூடியிருந்தது. கடைப் பெயர் மட்டும் கொட்டை எழுத்தில் பளிச்சென்று தெரிந்தது. கூட்டம் முழுவதும் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. எச்சில் விழுங்கியது மைக்கில் கேட்டது. பிறகு சொன்னான்.

"தாய்மாமன் சீர்... கொழும்பில்... துணிக்கடை ஒன்று."

நான் பாய்ந்து போய் மைக்கைப் பிடித்தேன். "கட இல்லங்க, கடையில சாமான் வாங்குற கார்ட்," என்றேன். நான் வாய் திறக்கவும் தப்பு முழங்கவும் சரியாக இருந்தது. விசில் வேறு. மைக் செட்காரன் கையால் மைக்கைப் பொத்திக்கொண்டு என் காதில், "சொன்னத திருப்பி எடுக்க ஏலாதுடா. மைக்குல போயிருச்சு," என்றான்.

அத்தான் எழுந்து வந்தார். அன்றுவரை என்னை "டேய்" என்பதைத் தவிர வேறு ஒன்றும் சொல்லிக் கூப்பிடாத மனிதர், ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து, தோளில் கிடந்த துண்டால் துடைத்து, "உக்காருங்க மச்சான்," என்றார். நான் நின்றபடியே சொன்னேன்.

"அத்தான், அது கட இல்ல."

"தெரியும் மச்சான். முழுக் கடையவா தூக்கிக் குடுப்பாங்க. பங்குதானே?"

"பங்கும் இல்ல அத்தான்."

"சின்னதுன்னா என்ன, பங்கு பங்குதான்," என்றவர், பக்கத்தில் இருந்தவர்களிடம் திரும்பி, "பெரும பேசாத மனுஷன், பாத்துக்கங்க," என்றார்.

நான் எவ்வளவு இறங்கினேனோ அவ்வளவு அவர்கள் கண்ணில் ஏறினேன். இது வேலைக்காகாது என்று அக்காவைத் தேடி அடுப்படிக் குசினிக்குப் போனேன். "அக்கா, அது வெறும் கார்ட்," என்றேன்.

"எனக்கும் தெரியும். மூடு வாய," என்றாள் அக்கா. "இன்னைக்குத்தான்டா அவரு எனக்குத் தண்ணி மொண்டு குடுத்தாரு."

கார்ட்டைக் கழுவித் துடைத்துக்கொண்டு மருமகள் வந்தாள். பட்டும் பூவும் மாலையுமாக, வாயில் லட்டு. "மாமா, இதுல கடைசித் தேதி போட்டிருக்கு. அடுத்த மாசம் முடியுறதுக்குள்ள போகணும்," என்று மெதுவாகச் சொன்னாள். படித்த பிள்ளை, ஒரே பார்வையில் எல்லாம் விளங்கிவிட்டது. பிறகு தகப்பனிடம் போய், "அப்பா, நம்ம பங்க ஒரு தடவ போய்ப் பார்க்க வேணாமா?" என்றாள். அந்தக் கள்ளியை அப்போதே கட்டிப்பிடித்திருப்பேன், அடிக்கவா கொஞ்சவா என்றுதான் தெரியவில்லை.

அடுத்த மாதம் வரும்வரை என் ஃபோனுக்கு ஓய்வில்லை. தோட்டத்திலிருந்து ஒருவர் மகனுக்கு வேலை கேட்டார். இன்னொருவர் கரவனெல்லவில் எங்கோ வாங்கிய சட்டைக்குப் பட்டன் போய்விட்டது, உங்கள் கடையில் மாற்றித் தருவீர்களா என்று கேட்டார். முதலாளியே நேரில் பேசுகிறாரே என்று அவருக்கு ஒரே சந்தோஷம். முதலாளி அப்போது பெட்டிகளுக்கு நடுவில் குந்தியிருந்து பாண் தின்றுகொண்டிருந்தார்.

அடுத்த மாதம் ஒருநாள் அக்கா, அத்தான், மருமகள் மூன்று பேரும் வந்து இறங்கினார்கள். அத்தான் வெள்ளைச் சட்டை போட்டு, பையில் பேனா செருகியிருந்தார். கடை வாசலில் செக்யூரிட்டி என்னைப் பார்த்து, இன்றைக்கு வேலை இல்லையா தம்பி என்று சிங்களத்தில் கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் அத்தான் சுத்தமான சிங்களத்தில், "அபே கடேனே," என்றார், நம்ம கடைதானே என்று. அவன் குழம்பிப்போய் சல்யூட் அடித்தான். அதோடு அத்தானைப் பிடிக்க முடியவில்லை.

உள்ளே போனவர் ஒரு அடுக்குத் தட்டில் விரலால் இழுத்து, தூசியை விற்பனைப் பெண்ணிடம் காட்டினார். ஆளில்லாத பக்கம் ஓடிய மின்விசிறியை நிறுத்தினார். துணி பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம், "நம்பி எடுங்க, சாயம் போகாது," என்றார். அந்த அம்மா நம்பி எடுத்துக்கொண்டு போனாள். எங்கள் மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்துவிட்டு, தலைமை அலுவலகத்து ஆள் என்று நினைத்தாரோ என்னவோ, கலைந்து கிடந்த சட்டைகளைத் தன் கையாலேயே மடிக்க ஆரம்பித்தார். நான் துணி மாட்டிய பொம்மைகளுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். இந்த மனிதர் இப்போது நம் மானத்தை வாங்கப்போகிறார், வீட்டுக்குப் போய் அக்காவை ஆயுசுக்கும் குத்திக் காட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

மருமகள்தான் நிதானமாக இருந்தாள். தனக்குத் தொப்பி வைத்த மழைக்கோட்டு ஒன்று, தகப்பனுக்கு ஒரு பெல்ட், தாய்க்குத் தோளில் மாட்டுகிற கைப்பை ஒன்று. விலைச்சீட்டுகளைப் பார்த்துப் பார்த்து மனதுக்குள் கூட்டிக் கார்ட்டுக்குள் அடக்கிவிட்டாள். கவுண்டரில் விலை அடித்து முடித்ததுமே கைப்பையை எடுத்து அக்கா தோளில் மாட்டிவிட்டாள். அக்கா அதோடு அங்கே இருந்த கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள், அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

கவுண்டரில் இருந்தது தமிழ்ப் பிள்ளை. கார்ட்டை வாங்கி மெஷினில் இழுத்தது. பில்லைக் கிழித்து அத்தான் கையில் கொடுத்தது. "கிஃப்ட் கார்ட் முடிஞ்சிருச்சுங்க. இனி தேவப்படாது," என்று சொல்லி, கார்ட்டைக் காலடியில் இருந்த குப்பைக்கூடையில் போட்டது.

அத்தான் குப்பைக்கூடையை எட்டிப் பார்த்தார். பிறகு பில்லைப் பார்த்தார். "அவ்வளவுதானா?" என்று கேட்டார்.

"அவ்வளவுதாங்க," என்றது பிள்ளை.

அத்தான் என் பக்கம் திரும்பினார். அவர் தொண்டையில் அந்தப் பழைய கேள்வி ஏறி வருவதை நான் கண்ணால் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஓடிவிடலாமா என்றுதான் நினைத்தேன். மருமகள் தகப்பனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கம் அக்கா கண்ணாடியிலேயே எங்களைக் கவனித்துவிட்டாள். திரும்பிப் பார்க்காமல், பையின் வாரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அத்தான் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பில்லை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவளிடம் நடந்தார். நாங்களும் பின்னால் போனோம்.

"என்னவாம்?" என்றாள் அக்கா.

"ஒன்னுமில்ல. பங்க குடுத்துட்டுச் சாமானா எடுத்துக்கிட்டோம். ஒன் தம்பி நல்ல வெலதான் பேசியிருக்கான்."

அக்கா அவர் முகத்தையே பார்த்தாள். அவர் எல்லாம் தெரிந்துதான் பேசுகிறார் என்று அவளுக்கும் விளங்கியிருக்க வேண்டும். பையைத் தோளிலிருந்து கழற்றப் போனாள்.

"கழட்டாத, தோள்லயே கெடக்கட்டும்," என்றார் அத்தான். "தோட்டத்துல யாரும் கேட்டா, தாய் வீட்டுச் சீருன்னு சொல்லு."