சுத்தியல் இல்லாமல் முளையடித்தவன்

என் தம்பி நல்லவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பார்க்கிறவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள், எனக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. குடிப்பதில்லை, குரலை உயர்த்துவதில்லை, அக்கம்பக்கத்தில் யார் வீடு மாற்றினாலும் பீரோ தூக்க முதல் ஆளாகப் போய் நிற்பான். வேலை லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டால், உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் பயந்துவிடாமல் கதவுக்கு வெளியிலிருந்தே பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பானாம். அவன் முதலாளியே என்னிடம் பெருமையாகச் சொன்னார். அவன் குடியிருப்பது மட்டும் லிஃப்ட் இல்லாத கட்டிடத்தில், மூன்றாவது மாடியில்.

அந்த மூன்றாவது மாடிக்குள்தான் அவன் இத்தனை நாளும் ஒளிந்துகொண்டிருந்தான். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து அவள் என் வீட்டு முன்னறையில்தான் கிடந்தாள். வேளாவேளைக்குப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், துடைக்க வேண்டும், ஊட்ட வேண்டும். நானோ ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஈரப் போர்வைகளை மெஷினிலிருந்து இழுத்துப் போடுகிறவள். அங்கே இழுத்ததும் வீட்டில் தூக்கியதும் சேர்ந்து என் வலது தோள் ஒரேயடியாகப் போய்விட்டது. ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும், செய்த பிறகு பல மாதங்களுக்குத் தலையணையைக்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தேதியும் கொடுத்தாயிற்று. அதற்குள் தம்பி அம்மாவைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

முன்பிருந்தே எப்போது கேட்டாலும் பதில் தயாராக இருக்கும். குளியலறைக் கதவு குறுகல். கட்டில் போட இடமில்லை. மாடி ஏற்ற முடியாது. எனக்கு இதெல்லாம் கைவராது. கொஞ்சம் வசதி செய்துகொண்டு கூட்டிப் போகிறேன். இப்படியே நாலு வருஷம் ஓடிவிட்டது, வசதி வந்தபாடில்லை. போன் செய்தால் சிக்னல் சரியில்லை என்பான். நேரில் வந்தால் வாசல் நிலையோடு ஒட்டி நின்று அம்மாவை எட்டிப் பார்ப்பான், வாங்கி வந்த பழத்தை என் கையில் திணிப்பான், வண்டியை இடைஞ்சலாக நிறுத்தியிருக்கிறேன் என்று ஓடிவிடுவான்.

ஆனால் லீவு விட்டால் போதும், மூட்டையைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போய்விடுவான். அவனோடு நடக்கிறவர்கள் அவனைப் பஞ்சுமூட்டை என்று கூப்பிடுகிறார்கள். அத்தனை பேரிலும் லேசான பை அவனுடையதாம். கொண்டுபோகும் ஒவ்வொன்றையும் சமையலறைத் தராசில் வைத்துப் பார்ப்பான். எடை குறையட்டும் என்று பல் தேய்க்கும் பிரஷ்ஷின் காம்பையே பாதியாக அறுத்து வைத்திருக்கிறான். அவன் தன் முதுகிலிருந்து இறக்கி வைத்ததெல்லாம் யார் முதுகில் ஏறியது என்று எந்தத் தராசிலும் போட்டுப் பார்த்ததில்லை.

கிளம்பும்போதெல்லாம், நீயும் வாக்கா, உனக்கும் ஒரு மாறுதலாக இருக்கும் என்று ஒப்புக்குக் கூப்பிடுவான். இந்த முறை நான் வருகிறேன் என்றேன். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. என் வீட்டுக்காரர் லீவு போட்டுவிட்டு அம்மாவோடு இருந்துகொள்வதாகச் சொன்னார். மலையில் ஓடிப் போக வண்டி இருக்காது, பேசித்தான் ஆக வேண்டும் என்பது என் கணக்கு.

முந்தின நாள் வந்து என் பையையும் சலித்து எடுத்தான். இரண்டாவது துண்டு வேண்டாம், கனமான டார்ச் வேண்டாம். கூடாரத்து முளைகளை அடிக்கச் சுத்தியல் எங்கே என்று கேட்டேன். அதை யார் சுமப்பது, அங்கே ஏதாவது கிடைக்கும் என்றான். எனக்கு உள்ளுக்குள் சுள்ளென்றது. ஏதாவது கிடைக்கும், யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்றே வாழ்ந்துவிட்டான், அந்த யாராவது எப்போதும் நானாகத்தான் இருந்தேன். அவன் போனதும் என் வீட்டுக்காரரின் சுத்தியலை எடுத்துக் கம்பளிக்குள் சுருட்டி வைத்தேன். தோள் வலிக்காரி வேலை மெனக்கெட்டு இரும்பைச் சுமந்தேன் என்றால் என் கோபம் எப்படி இருந்திருக்கும் பாருங்கள்.

பஸ்ஸை விட்டு இறங்கி மெதுவாகத்தான் ஏறினோம். நான் வாயெடுக்கும்போதெல்லாம் அவன் ஒரு பறவையைக் காட்டினான். மேலே போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பரந்த புல்வெளி, காற்றை மறிக்க ஒரு மரம் இல்லை. தட்டுவதற்கு ஒரு கைப்பிடிக் கல்கூடக் கிடைக்கவில்லை. அவன் அலுமினிய முளை ஒன்றை எடுத்து உள்ளங்கையால் அழுத்தினான். இரண்டு விரற்கடை இறங்கியதும் நின்றுவிட்டது. குதிகாலை வைத்து அழுத்தினான், முளை சாய்ந்து புல்லோடு பெயர்ந்து வந்தது. மேலே கொஞ்சம் மண், அடியில் முழுக்கப் பாறை.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைப்பானேன், மனசு குளிர்ந்துபோயிற்று. கம்பளியை அவிழ்த்துச் சுத்தியலை வெளியே எடுத்தேன். தள்ளு என்று சொல்லிவிட்டு இடது கையாலேயே ஓங்கி ஒரு போடு போட்டேன். முளை கொக்கி மாதிரி வளைந்துவிட்டது. அவன் சிரிக்கவில்லை. வளைந்ததை வாங்கித் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு, அடித்தால் பாறைக்குள் இறங்குமா அக்கா, நீ உட்கார் என்றான். அந்தப் பொறுமையான குரலுக்காகவே அவனை நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது.

அப்புறம் அவன் செய்ததை நான் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு முளையின் முனையாலேயே புல்லைக் கீறி, மெத்தைத் துண்டு போல உரித்து ஓரமாக வைத்தான். பாறை தட்டும்வரை மண்ணைத் தோண்டி நீளமாக ஒரு பள்ளம் செய்தான். முளையின் நடுவில் கயிற்றைக் கட்டி, அதைக் குத்தாமல், பள்ளத்தில் குறுக்காகப் படுக்க வைத்தான். மேலே மண்ணைப் போட்டு, உரித்த புல்லை மூடி, சின்னச் சின்னதாக மிதித்து இறுக்கினான். கயிற்றை இழுத்துப் பார்த்தான். லேசாக அசைந்தது. முகம் சுளிக்காமல் தோண்டி எடுத்துத் திரும்பவும் புதைத்தான். மண் போதாத மூலைகளில், துணிமணி வைத்திருந்த பைகளைக் காலிசெய்து, மண்ணை அள்ளி நிரப்பி, கயிற்றை அவற்றின் கழுத்தில் கட்டினான். ஒவ்வொரு மூலைக்கும் முட்டி போட்டான். ஒவ்வொரு கயிற்றுக்கும் காது கொடுப்பதுபோலக் குனிந்தான். நகக்கண்ணில் ரத்தம் கசிந்ததை அவன் கவனிக்கவேயில்லை.

கைவராது என்றவனின் கைகளா இவை? ஒரு துணிக்கூரைக்கு இவ்வளவு பதமாக, இவ்வளவு சலிக்காமல் செய்யத் தெரிந்தவனுக்குப் பெற்றவளைப் புரட்டிப் போடத் தெரியாதாம். அத்தனை வருஷமும் நான் அவனைக் கையாலாகாதவன் என்று நினைத்துப் பாதி மன்னித்து வைத்திருந்தேன். அந்தப் பாதியும் அங்கேயே போயிற்று.

காற்று எழுந்தது. கூடாரம் படபடவென்று அடித்துக்கொண்டது, ஒரு மூலைகூடப் பெயரவில்லை. அவன் கையைத் தட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"பாத்தியாக்கா? கையில என்ன இருக்கோ அத வச்சு செய்யணும். இல்லாதத நெனச்சிட்டு உக்காந்திருந்தா வெளியிலதான் படுக்கணும்."

அவன் வாயாலேயே சொன்னான். நான் அதுவரை சேர்த்து வைத்திருந்த பேச்செல்லாம் தேவையில்லாமல் போயிற்று.

"அம்மாவுக்கு மட்டும் எல்லா வசதியும் வரணுமா?" என்றேன். "அகலமான கதவு வரணும், கட்டில் வரணும், மாடிக்கு லிஃப்ட் வரணும். அதுவரைக்கும் நான் தூக்கணுமா?"

அவன் புல்லைப் பிய்த்தான். அம்மாவும் டென்ட்டும் ஒன்றா என்று முனகினான்.

"இல்ல. டென்ட்டுக்கு நீ முட்டி போட்ட. அம்மா கட்டில்கிட்ட ஒரு நாள் உக்காந்ததில்ல. ஞாயித்துக்கெழம வந்து கூட்டிட்டுப் போ. இல்லன்னா நான் ஆபரேஷன் பண்ணிக்கல, இந்தக் கையையும் ஒடச்சுக்கறேன்."

அவன் என்னைப் பார்க்காமலே சொன்னான்.

"பயமா இருக்குக்கா. அம்மாவ அப்படித் தொடறதுக்கே பயமா இருக்கு. வலிச்சிடுமோ, எதாவது ஆயிடுமோன்னு. அதான் வாசல்லயே நின்னுடறேன்."

இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"எனக்கும் பயமாத்தான் இருந்தது. என்னை யாரும் கேக்கல."

அவன் எழுந்து போய், நன்றாக இருந்த கயிறுகளையே மறுபடி இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தான். அம்மாவை ஒரு நாற்காலியில் பட்டை போட்டுக் கட்டி, தன்னோடு வேலை செய்கிற ஒருவரை மறுபக்கம் பிடிக்கச் சொல்லி, மூன்று மாடியும் ஏற்றினான். குறுகல் கதவைக் கழற்றிவிட்டுத் திரை தொங்க விட்டிருந்தான். ஒரு காலை வேளையின் வேலை. நாலு வருஷமாக ஆகாத காரியம்.

ஆபரேஷன் முடிந்து, கையைக் கழுத்தில் மாட்டிய தூக்குப்பட்டையில் போட்டுக்கொண்டு நான் வீட்டில் படுத்திருந்தபோது தம்பியிடமிருந்து போன் வந்தது. பின்னால் அம்மா ஏதோ அரற்றுவது கேட்டது. தூங்கி நாளாயிற்று என்றான், இடுப்பு விட்டுப்போயிற்று என்றான்.

"எப்படிக்கா இத்தன வருஷம் தனியா பாத்த?"

நாலு வருஷத்தில் இந்தக் கேள்வியை அவன் கேட்பது அதுதான் முதல் தடவை. சொல்ல எவ்வளவோ இருந்தது, எந்தப் பக்கம் கை கொடுத்துப் புரட்டினால் அவளுக்கு வலிக்காது என்பதிலிருந்து எல்லாமே. அதையெல்லாம் சொன்னேன், ஒன்று விடாமல் சொன்னேன், அவன் எழுதிக்கொள்ளும்வரை நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அம்மா பாவம், அவளுக்கு வலிக்கக் கூடாது. அவன் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன்.