ஏரிக்கரை வீடும் மூன்று பிடி மண்ணும்

பாஞ்சாலியை ஏமாற்றுவது அவ்வளவு லேசான காரியம் இல்லை. திண்டிவனம் மார்க்கெட்டில் அவள் பையில் ஒரு சொத்தைக் கத்திரிக்காயைத் தள்ளிவிட்ட கடைக்காரன் இன்னும் பிறக்கவில்லை. ஓட்டுக் கேட்க வருகிறவர்களே அவள் வீட்டு வாசலில் பேச்சைச் சுருக்கிக்கொள்வார்கள். அப்படிப்பட்டவளை ஏமாற்ற வெளியாள் போதாது, வீட்டு ஆள்தான் வரவேண்டும். வந்தான். அதுவும் அவள் சோறு போட்டு வளர்த்த கொழுந்தன்.

அவள் வெங்கடாசலத்துக்கு வாழ்க்கைப்பட்டு திருவக்கரைப் பக்கத்திலிருந்து வந்தபோது கொழுந்தன் சீனுவாசனுக்கு அரைக்கால் சட்டை வயது. தாய் இல்லாத பிள்ளை. கேப்பைக் கூழைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான் என்று அவனுக்கென்று தனியாக அரிசி களைந்து போட்டாள். பிறகு அவனுக்குப் பெண் பார்த்ததும் அவள்தான். அண்ணி அண்ணி என்று அவன் அவளை ஒருமையில் கூப்பிடுவதில் ஊரில் யாருக்கும் தப்புத் தெரிந்ததில்லை. பெற்றவளை யாராவது நீங்க வாங்க என்பார்களா?

கல்யாணமான அந்த வாரமே வெங்கடாசலம் அவளை ஏரிக்கரைப் புன்செய்க் கொல்லைக்குக் கூட்டிப்போய் ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தினார். மூன்று கல் நட்டு, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்திருந்தது. அதுதான் வீரனார், அந்த வம்சத்துக் குலதெய்வம். "இனிமே வெள்ளிக்கிழமை வெளக்கு உன் பொறுப்பு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பாஞ்சாலி அந்தப் பொறுப்பை விடவில்லை. மழையோ காய்ச்சலோ, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அங்கே விளக்கு எரிந்தது. கணவரிடம் சொல்ல முடியாததை எல்லாம் அந்தக் கல்லிடம் சொன்னாள். மாரடைப்பில் அவர் போனபிறகு சொல்வதற்கு வேறு ஆளும் இல்லை.

அவர் போனதும் கொல்லையைப் பார்க்க நாதியில்லை. மல்லாட்டைக் கடலை போட்டால் பாதி பன்றிக்கு, மீதி மயிலுக்கு. சீனுவாசன் ஒரு நாள் சென்னையிலிருந்து பிரவீன்குமார் என்பவரைக் கூட்டிவந்தான். கம்ப்யூட்டர் கம்பெனி வைத்திருப்பவர். அவருக்குப் பயிர் வேண்டாம், காடு வேண்டுமாம். ஏரியைப் பார்த்தபடி சொந்தக் காடு, அதன் நடுவில் ஒரு வீடு. கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுமுன் பாஞ்சாலி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"சாமி இருக்கிற எடம் இருக்கிறபடியே இருக்கணும் சார். வெள்ளிக்கெழம நான் வருவேன். ஆடியில பங்காளிங்க பொங்க வெப்பாங்க."

"எப்ப வேணும்னாலும் வாங்கம்மா. அது உங்க இடம்தான்" என்றார் பிரவீன்குமார்.

மனிதர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், பல வருஷம். காட்டுக்குக் கன்று நட்டபோது தண்ணீர் ஊற்றும் வேலையையும் பாஞ்சாலிக்கே கொடுத்தார். அவள் ஊற்றிய தண்ணீரில் மகிழமும் நாவலும் மருதமும் தலைக்கு மேலே போயின. குரங்கு வந்தது, கீரி வந்தது, முன்பு ஏரியோடு நின்றுபோகும் நாரைகளும் வந்தன. சுற்றிலும் கம்பிவேலி, இரும்பு கேட். பக்கக் கேட்டின் சாவி பாஞ்சாலியின் இடுப்பில் தொங்கியது. அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட.

காடு நிமிர்ந்தபிறகு வீடு கட்ட ஆர்க்கிடெக்ட் வந்தார். தாடிக்காரர், புதுச்சேரிப் பக்கத்தில் மண் வீடுகள் கட்டிப் பெயர் வாங்கியவர். ஒரு மரத்தைக்கூட வெட்டமாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். சொன்னபடியே சுவரை மரத்துக்கு மரம் வளைத்துக்கொண்டு போனார். நாவலுக்காக ஒரு படுக்கையறை கோணிக்கொண்டது. ஒரு மருதக் கிளைக்காகக் கூரை தணிந்தது. மரத்துக்கு நோகக்கூடாது என்று பார்த்தவருக்கு ஒரே ஓர் இடைஞ்சல்தான் இருந்தது. ஏரியைப் பார்க்கத் திறக்கவேண்டிய கூடம் எங்கே வரவேண்டுமோ, சரியாக அங்கேதான் வேம்பும் வீரனாரும்.

பிரவீன்குமார் தயங்கித் தயங்கித்தான் கேட்டார். "அம்மா, சாமியக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கலாமா? நல்லதா ஒரு கோயிலாவே கட்டித் தரேன்."

"தூக்கித் தூக்கி வெக்க அது இன்னா சார், நாற்காலியா?" என்றாள் பாஞ்சாலி.

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் அவள் நினைத்தாள். அவர் அடுத்தபடியாகச் சீனுவாசனைக் கேட்டது அவளுக்குத் தெரியாது.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை சீனுவாசன் தான் குடியிருந்த திண்டிவனத்திலிருந்து பைக்கில் வந்தான். கையில் புது மஞ்சள் துணி, கற்பூரம், பூ.

"அண்ணி, எனக்கு முன்ன மாதிரி அடிக்கடி வர முடியல. மனசே சரியில்ல. எங்கூட்டு மாடியில சின்னதா ஒரு மாடம் கட்டி வீரனார வெச்சுக்கலாம்னு பாக்கறேன். பிடிமண்ணு எடுத்துக் குடேன்."

குலதெய்வத்தின் காலடி மண்ணை எடுத்துப்போய் வேறிடத்தில் வைத்துக் கும்பிடுவது வழக்கத்தில் உள்ளதுதான்; அதனால் பழைய இடத்து விளக்கு நின்றுவிடுவதில்லை. பிழைக்கப் போகிற பிள்ளைகள் சாமியைக் கூடவே கூட்டிப்போக அதைவிட்டால் வழி ஏது? அந்த வம்சத்தில் மட்டும் ஒரு முறை உண்டு. விளக்கு வைக்கிற கைதான் மண்ணை எடுக்க வேண்டும். எடுக்கிறவர்தான் சாமியை வாய்விட்டு அழைக்கவும் வேண்டும். மற்றவர் எடுத்தால் அது வெறும் மண்.

பாஞ்சாலிக்கு மனம் குளிர்ந்துபோனது. பயலுக்கு இப்போதாவது பக்தி வந்ததே. ஈரப் புடவையோடு நின்று, கற்பூரம் ஏற்றி, கல்லடியிலிருந்து மூன்று பிடி எடுத்து மஞ்சள் துணியில் முடிந்தாள். சீனுவாசன் பக்கத்தில் நின்று, "இங்க இருந்தது போதும்னு சொல்லு அண்ணி. எங்கப்பா அப்டித்தான் சொல்லுவாராம்" என்று எடுத்துக்கொடுத்தான். அவளும் சந்தேகப்படவில்லை.

"இங்க இருந்தது போதும் சாமி. எம் புள்ள கூப்புடறான், அவனோட போ" என்றாள். சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

மறுவாரம் செங்கல்பட்டில் மகள் கவிதாவுக்கு இரண்டாவது பிரசவம். ஒத்தாசைக்குப் போக ஆள் இல்லாமல் பாஞ்சாலியே கிளம்பினாள். சாவியைச் சீனுவாசனிடம் கொடுத்து, வெள்ளிக்கிழமை விளக்கை விட்டுவிடாதே என்றாள். "நான் பாத்துக்கறேன், நீ பேஜாரு பண்ணிக்காம போய்ட்டு வா" என்றான். போனில் கேட்டபோதெல்லாம் வெச்சிக்கினுதான் இருக்கறேன் என்றான்.

தையில் அவள் திரும்பியபோது ஏரிக்கரை வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். நாளும் வெள்ளிக்கிழமை. தட்டில் வெற்றிலை பாக்கு, முந்தானையில் எண்ணெய்க் கிண்ணத்தை மறைத்துக்கொண்டு போனாள். உள்ளே கூட்டம். கூடத்தின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, அதற்கப்பால் ஏரி. கூரையில் வட்டமாக விட்ட திறப்பு வழியே வேம்பு மேலே போயிருந்தது. அதன் அடியைச் சுற்றி வழவழவென்று சிமெண்ட் இருக்கை. சென்னையிலிருந்து வந்தவர்கள் அதில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

மரம் மாறிவிட்டதோ என்று பாஞ்சாலி ஒரு நிமிடம் அண்ணாந்து பார்த்தாள். மாறவில்லை. அதே கோணல் கிளை.

"சார், எங்க சாமி எங்க சார்?"

பிரவீன்குமார் முழித்தார். "நீங்கதானேம்மா கையால எடுத்துக் குடுத்தீங்க? சாமி தன் வீட்டுக்கு வந்துட்டாரு, இனிமே இது வெறும் கல்லுன்னு சீனுவாசன் சொன்னாரே. நாங்க அப்பவும் பூஜை பண்ணி மரியாதையாத்தான் ஏரியில விட்டோம்."

பங்காளிகளில் மூத்தவரான கோதண்டபாணி அருகில்தான் நின்றிருந்தார். "எங்களாண்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் பாஞ்சாலி. வெளக்கு வெச்சவளே போன்னு சொல்லிட்டா, அப்புறம் நாங்க இன்னா பேசறது? ரெண்டு மாசமா ஊரே உன்னத்தான் பேசிக்கினு இருக்குது" என்றார்.

அப்போதுதான் சீனுவாசன் மகன் வல்லரசு காபித் தட்டோடு வந்தான். பெரியம்மா என்று காலைத் தொட்டான். பிரவீன்குமாரின் கம்பெனியிலேயே வேலைக்குச் சேர்ந்து கார்த்திகையோடு கார்த்திகையாக சென்னைக்குப் போய்விட்டதாகச் சொன்னான். சின்னப்பிள்ளை, அவனுக்கு ஒன்றும் தெரியாது. பாஞ்சாலிக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. இருந்தாலும் அவன் நீட்டிய காபியை வாங்கிக்கொண்டாள்.

சாப்பாட்டுக்கு நிற்காமல் பஸ் ஏறித் திண்டிவனம் போனாள். கிரகப்பிரவேசக் கூட்டத்தில் அவள் கண்ணில் படாமல் இருந்த சீனுவாசன் வழியிலேயே பைக்கில் முந்தி வீட்டுவாசலில் நின்றிருந்தான்.

"அண்ணி, புள்ளைக்கு ஒரு வழி பொறக்கணும்ல? உன்னக் கேட்டா நீ ஒத்துக்கவா போற?"

"மாடத்தக் காட்டு. வெளக்கு வெச்சிட்டுப் போறேன்."

பாஞ்சாலியே மாடிக்கு ஏறினாள். துணி காயும் கொடி இருந்தது, தண்ணீர் டேங்க் இருந்தது, நாலைந்து செடித்தொட்டி இருந்தது. மாடம் இல்லை. பின்னாலேயே வந்த சீனுவாசன் மனைவி ஜெயத்திடம் மஞ்சள் துணி முடிச்சு எங்கே என்று கேட்டாள்.

"கார் ஷெட்டு பலகையில இருந்துதே, அதா அக்கா? அது இன்னா மண்ணுன்னு இவுரு எங்கிட்ட ஒண்ணும் சொல்லலியே. தீவாளிக்கு சுத்தம் பண்றப்ப தொட்டியில கொட்டிட்டேன். எந்தத் தொட்டின்னுகூட நெனப்பில்ல" என்ற ஜெயம், புருஷன் முகத்தையும் அக்கா முகத்தையும் பார்த்துவிட்டு அப்படியே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"விடு அண்ணி" என்றான் சீனுவாசன். "அந்த வேப்பமரம் அங்கியேதான இருக்குது. சார்கிட்ட கேட்டு இன்னொரு தபா மண்ணு எடுத்துக்கலாம்."

பாஞ்சாலி அவனை ஏறிட்டுப் பார்த்தாள். அடிக்கத்தான் கை வந்தது, அடிக்கவில்லை.

"நீ என்ன ஏமாத்தினியே, அதக்கூட தொடச்சிப் போட்டுடுவேன் சீனு. பெத்த புள்ளைங்க ஏமாத்தாததா? ஆனா என் வாயால போன்னு சொன்னேன்டா அவர. யாரு கூப்ட்டும் அசையாத ஆளு, நான் சொன்னேன்னு கெளம்பி வந்தாரு. இப்ப அங்கயும் இல்ல, இங்கயும் இல்ல. அவருக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன், எங்க போய் சொல்லுவேன்?"

வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது, விளக்கு வைக்கிற நேரம். பாஞ்சாலி எண்ணெய்க் கிண்ணத்தோடு தொட்டி தொட்டியாகப் போய் நின்று பார்த்தாள். எதற்கு முன்னால் வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.