லூக்காவில் ஏழு நாள், பார்த்தது கொஞ்சம்

1995 செப்டெம்பர், சனிக்கிழமை காலை ஆறு மணி. லண்டன் கட்விக் விமான நிலையத்தில் மூன்று பேர் நின்றோம். நான், என்னோடு யாழ்ப்பாணத்தில் படித்த தேவன், கோலியர்ஸ் வுட்டில் எனக்குப் பக்கத்து வீட்டு டாக்டர் சுந்தர். சுந்தர் தமிழ்நாட்டுத் திருநெல்வேலிக்காரர். தேவனுக்கு ஃபாரஸ்ட் கேட்டில் பேப்பர்க் கடை. அவன் கையில் ஒரு தாள். அதில் ரோம், வெனிஸ், ஃபுளோரன்ஸ், நேப்பிள்ஸ் என்று ஏழு நாளைக்கு ஏழு ஊர்.

ஒன்பது வருடமாக அவன் ஒரு நாளும் கடை பூட்டியதில்லை. விடிய நாலரைக்குப் பேப்பர்க் கட்டு வரும், இரவு ஒன்பதுக்கு ஷட்டர் இறங்கும். மே மாதம் பால் பெட்டி தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் இருந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் இந்த முறை தப்பிவிட்டார், இனி ஓய்வு வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அவன் மனைவி சரோ என்னிடம் வந்தாள்.

"அண்ணை, இவரை எங்கையாவது கூட்டிக்கொண்டு போங்கோ. ஒரு கிழமை சும்மா இருக்க வேணும். கடையை நானும் தம்பியும் பாப்பம்."

ஊரைத் தேடும் வேலை என் தலையில் விழுந்தது. முதலில் நான் செய்தது சுத்த முட்டாள்தனம். நம் ஆட்களுக்குப் பயணம் என்றால் சொந்தக்காரர் வீடு. பாரிஸ் என்றால் சித்தி, ஜெர்மனி என்றால் பெரியப்பா. இத்தாலி வரைபடத்தையும் அதே கண்ணோடு பார்த்து, வடக்கே கோமோ ஏரிக்கரையில் இடம் பிடித்தேன். அங்கிருந்து முப்பது கிலோமீட்டரில், சுவிஸ் எல்லைக்கு அப்பால், லுகானோவில் தேவனின் மச்சான் இருக்கிறார். அவசரத்துக்கு உதவுமே என்று நினைத்தேன்.

மச்சானுக்குச் செய்தி போன மறுநாளே நிகழ்ச்சி நிரல் வந்துவிட்டது. திங்கள் அவர் வீட்டில் மதியச் சாப்பாடு, புதன் வயதுக்கு வந்த ஒரு பிள்ளையின் சாமத்தியச் சடங்கு, வெள்ளி சூரிச்சில் இன்னும் இரண்டு வீடு. சும்மா இருக்கப் போகிறவன் கோட் சூட் தேடத் தொடங்கினான். சுந்தர்தான் கறாராகப் பேசினார். "இது ரெஸ்ட் இல்லைங்க, ட்யூட்டி. தெரிஞ்சவங்க ஒருத்தரும் இல்லாத ஊரா பாருங்க."

கோமோவை ரத்து செய்தேன். மலைக்காற்று கூடாதென்று டாக்டர் சொல்லிப்போட்டார் என மச்சானுக்குத் தொலைபேசியில் அளந்தேன். "நான் எப்பங்க சொன்னேன்?" என்றார் சுந்தர். எங்களுக்கு ஒரு தமிழரையும் தெரியாத ஊராகத் தேடியதில் லூக்கா அகப்பட்டது. ஃபுளோரன்ஸுக்கு ஒன்றேகால் மணி நேரம், கடலுக்கு அரை மணி நேரம், போகாமல் இருந்தாலும் குறையில்லை என்று வழிகாட்டிப் புத்தகம் சொன்னது.

அந்தச் சனிக்கிழமை பிற்பகல் ஒரு மணி. பீசா விமான நிலையத்தில் இறங்கி, மத்திய நிலையம் போய் லூக்கா ரயில் ஏறினோம். அரை மணி ஓட்டம், டிக்கெட் மூவாயிரம் லிரா. எதிரே இருந்த பள்ளி ஆசிரியை ஆங்கிலத்தில் விசாரித்தார். லூக்காவில் ஏழு நாள் என்றேன். "ஏழு நாளா? அங்கே என்ன செய்வீர்கள்?" என்று கேட்டுச் சிரித்தார். தேவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். தேவன் சலித்துப்போய் அடுத்த விமானத்தில் ஏறிவிட்டால் சரோவின் முகத்தில் எப்படி விழிப்பது?

நிலையத்திலிருந்து ஐந்து நிமிடம் நடந்தால் கோட்டை மதில் வருகிறது. உள்ளே கார்கள் குறைவு, சத்தமும் குறைவு. எங்கள் வீடு இரண்டாம் மாடி, வாரத்துக்கு ஆறு லட்சம் லிரா. கதவுத் திறப்பைத் தந்த வீட்டுக்காரி, கடைகள் ஒன்று முதல் நாலு வரை பூட்டு என்று கைவிரல்களால் விளக்கினார்.

"மத்தியானம் கடை பூட்டுறதோ? பிறகென்னெண்டு வியாபாரம் நடக்கும்?" தேவனால் தாங்க முடியவில்லை. ஞாயிறு விடிய நாலரைக்கே எழும்பி வெளிக்கிட்டு, எந்தக் கடைக்கு எப்போது பாண் ரொட்டி வருகிறது என்று கணக்கெடுத்தான். திங்கள் மதியம் ஒரு மளிகைக் கடை வாசலில் மூன்று மணி நேரம் காவல் நின்று, கடைக்காரர் உண்மையிலேயே திரும்பி வந்து கதவு திறந்ததைக் கண்ட பிறகுதான் வீட்டுக்கு வந்தான். பொழுதுபட சரோவுக்குத் தொலைபேசி எடுத்து முதலில் பால் வந்ததா என்றான், பிறகு இதைச் சொன்னான். வைத்ததும் என்னிடம் வந்தான்.

"நாளைக்கு ரோம். ஆறே முக்கால் ரயில். இவ்வளவு தூரம் வந்திட்டுப் பாக்காமல் போறதே?"

எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. சரி என்றேன்.

செவ்வாய் காலை ஆறு மணி. நானாகவே விழித்தேன். எங்களை எழுப்ப வேண்டியவன் அவன். வீடு நிசப்தமாக இருந்தது. அவன் அறைக் கதவைத் தள்ளினேன். ஒருக்களித்துப் படுத்திருந்தான், வாய் கொஞ்சம் திறந்திருந்தது. "தேவன்" என்றேன். அசைவில்லை. போர்வை தடிப்பு, நெஞ்சு உயர்கிறதா என்று தெரியவில்லை. சுந்தரைக் கூப்பிட்டேன்.

சுந்தர் வந்து மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்தார். கடிகாரத்தைப் பார்த்தார். அந்த அரை நிமிடம் போல நீண்ட பொழுதை நான் கண்டதில்லை.

"தூங்குறாருங்க," என்றார் மெதுவாக. "அருமையாத் தூங்குறாரு. ரோம் எங்கயும் போயிடாது. வாங்க, காபி போடுறேன்."

நான் அப்படியே தரையில் இருந்துவிட்டேன். அழுகை வந்தது, அழுதேன்.

பதினொன்று பத்துக்கு அறைக்குள் கட்டில் முனகியது. எட்டிப் பார்த்தேன்.

"நேரம் என்ன?"

"பதினொண்டு பத்து."

"ரயில் போயிட்டுதோ?"

"ஓம்."

"அப்ப சரி" என்று மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

அதன் பிறகு எங்களுக்குத் திட்டம் கிடையாது. மதிலின் மேல் மரநிழலில் நாலு கிலோமீட்டருக்கு அகலமான பாதை. சைக்கிள் வாடகை மணிக்கு நாலாயிரம் லிரா. தேவன் ஒரு சுற்றுச் சுற்றி, மூச்சு வாங்காமல் இறங்கினான். நின்றபடி குடித்தால் காபி ஆயிரத்து முன்னூறு, உட்கார்ந்தால் இரட்டிப்பு, உட்கார்ந்தே குடித்தோம். வெள்ளிக்கிழமை வியாரெஜ்ஜோ கடலில் முழங்கால் மட்டும் நனைத்தோம். சாய்ந்த கோபுரத்தைக்கூட ரயில் ஜன்னலால் தேடியதோடு சரி. எப்படியும் இத்தாலி பார்த்துவிட வேண்டும் என்பவர்கள் லூக்கா போக வேண்டாம். ஒரு மனிதனைத் தூங்க வைக்க வேண்டுமென்றால் போகலாம்.

அடுத்த சனி மாலை கட்விக்கில் சரோ காத்து நின்றாள். நம் சனம் பயணம் போய் வந்தவரிடம் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை இடம் பார்த்தீர்கள் என்பது. நானும் பதில் தேடிக்கொண்டிருந்தேன். அவள் அதைக் கேட்கவில்லை. புருஷனின் முகத்தைக் கிட்டவாகப் பார்த்தாள்.

"அண்ணை, இவரின்ரை கண்ணைப் பாருங்கோ," என்றாள் என்னிடம். "வெள்ளையாய்க் கிடக்கு."

எத்தனையோ வருடமாகச் சிவந்து கிடந்த கண் அது. நாங்கள் கூடவே இருந்தும் கவனிக்கவில்லை.