மீன் வாடையும் கதைப் பக்கமும்

ஜெகதாப்பட்டினத்தில் அறந்தாங்கி பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறேன். ஐஸ் கம்பெனி நிழலில் ஏழெட்டுக் குழந்தைகள். துணிக்கடையில் சட்டைகள் வந்த கண்ணாடிக் கவர்களைக் கழுவி, கதைப் பக்கங்களை ஒவ்வொன்றாக அவற்றுள் நுழைத்து, அறுந்த வலையின் நைலான் நூலால் புத்தகமாகக் கட்டுகிறார்கள். கட்டி முடித்தவர்கள் உடனே உரக்கப் படிக்கிறார்கள்.

சொல்லிக்கொடுக்கும் பெண்ணிடம் எதற்கு இந்தக் கவர் என்று கேட்கிறேன்.

"விடிஞ்சதும் ஆத்தாவோட மீன் பிரிச்சுட்டு வர்ற புள்ளைகங்கய்யா. எத்தன சோப்பு போட்டாலும் வாடை போகாது. கைய மாத்த முடியுமா? அதான் புத்தகத்த மாத்திட்டோம்."

நான் இந்தக் கடற்கரையில்தான் தலைமையாசிரியராக இருந்தேன். நூலக வகுப்பில் புத்தகத்துக்கு வரிசையில் நிற்கும் ஒவ்வொரு பிள்ளையின் உள்ளங்கையையும் முகர்ந்து பார்ப்பேன். மீன் வாடை அடித்தால் புத்தகம் கிடையாது. புளியும் கல்லுப்பும் தேய்த்துக் கழுவிவிட்டு, சிவந்த கைகளைச் சிரித்தபடி நீட்டுவார்கள். அந்தச் சிரிப்புகள் இன்னும் நினைவில் இருக்கின்றன. அப்போதும் திருப்பி அனுப்புவேன். அதை ஒழுக்கம் என்று நம்பினேன்.

அவளிடம் இதைச் சொல்லிவிடுகிறேன். அவள் ஒரு பையனின் நூல் முடிச்சை இறுக்கிவிட்டுக் கேட்கிறாள்.

"அந்தப் புள்ளைக பெறகு படிச்சாகளாய்யா?"

"இல்லம்மா. கொஞ்ச நாள்ல வரிசைல நிக்கிறதையே விட்டுட்டாங்க. புத்தகமெல்லாம் புதுசாவே இருந்துச்சு."