வகீதா கொண்டுவந்த சளிக் குப்பி

மஹல்லா நகரத்து நெஞ்சு நோய் மருத்துவமனையில் வகீதா இருபத்திரண்டு வருடம் சளிக் கிண்ணம் அள்ளினாள். காலை ஏழு மணிக்கு வார்டில் நுழைந்து, கிண்ணங்களைத் தட்டில் அடுக்கி, பரிசோதனை அறையில் நான் நுண்ணோக்கியில் சளி பார்க்கும் மேசைக்குக் கொண்டுவருவாள். பழகிவிட்டதா என்று கேட்டால், பழகவே இல்லை என்பாள். பச்சை, மஞ்சள், துரு நிறம், நூலாய் இழுபடுவது, தோலாய்ச் சுருண்டது என்று எதைப் பார்த்தாலும் அவளுக்குக் குமட்டும். வீட்டில் முலுக்கியா கீரை வைப்பதையே விட்டுவிட்டாள். அந்தக் கொழகொழப்பைக் கண்டால் கரண்டி இறங்காதாம்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு நூற்பாலையின் மருத்துவர் சமீஹ், பஞ்சு பிரிக்கும் கூடத்தில் இருந்த எல்லோருக்கும் சளி இளக்கும் மருந்து கொடுக்கத் தொடங்கினார். அந்தக் கூடத்தில் தூசி உறிஞ்சும் காற்றாடிகள் நின்று ஒரு வருடம் ஆகியிருந்தது.

மருந்தின் மேல் குற்றமில்லை. எங்கள் டாக்டர் ஷாஹிந்தா அதை வகீதாவுக்கு விளக்கினார். நுரையீரலின் குட்டிக் காற்றறைகளில் சில செல்கள் வழவழப்பான ஒரு பூச்சைச் சுரக்கின்றன. அது இல்லாவிட்டால் அறைகள் நனைந்த காகிதம் போல ஒட்டிக்கொள்ளும். இந்த மருந்து அந்தச் செல்களைத் தூண்டிப் பூச்சைக் கூடுதலாகச் சுரக்க வைப்பதாக ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். கோழையும் இளகி வெளியே வரும்.

தூசியை என்ன செய்யும் என்று வகீதா கேட்டாள்.

"தூசிய ஒண்ணும் பண்ணாதுக்கா. செல்லு நல்லா இருந்தாத்தானே சுரக்கும்? தெனமும் அதைப் புண்ணாக்கிட்டே இருந்தா மருந்து யாரைத் தூண்டும்?"

ஒரு வாரத்தில் ஹிலாலைத் தூக்கிவந்தார்கள். அந்தக் கூடத்தில் முப்பது வருடமாகப் பஞ்சுப் பொதி உடைத்தவர். இருமித் துப்ப நெஞ்சில் வலு இல்லை. மருந்தால் இளகிய கோழை உள்ளேயே நிறைந்து, மூச்சுக்குழலில் களகளவென்று கொதித்தது. உதடு நீலமாகிவிட்டது. ஷாஹிந்தா குழாயை இறக்கிக் கருவியால் கோழையை உறிஞ்செடுக்க, வகீதா அவர் தலையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு குப்பி முக்கால்வாசி நிறைந்த பிறகுதான் அவருக்கு மூச்சு திரும்பியது. வகீதா கழிவறைக்குப் போய் வாந்தியெடுத்துவிட்டுத் திரும்பி வந்து அந்தக் குப்பியை மூடினாள். சாம்பல் நிறத் தண்ணீரில் பஞ்சு இழைகள் மிதந்தன.

இரண்டு நாள் கழித்து சமீஹ் வந்தார். சளி நீர்த்துவிட்டது, தொழிலாளர்கள் வேலைக்குத் தகுதியானவர்கள் என்று எழுதிய தாளில் ஷாஹிந்தாவின் கையெழுத்து வேண்டுமாம். விருந்தினர் என்று அவருக்குத் தேநீரும் பஸ்பூஸா என்ற ரவை இனிப்பும் வைத்திருந்தார்கள். நானும் அங்கே இருந்தேன். அந்தத் தாளில் இருந்த பெயர்ப் பட்டியலில் ஹிலாலின் பெயருக்கு நேரே 'குணமடைந்தார்' என்று இருந்தது.

ஷாஹிந்தா அதை உரக்கப் படித்ததைக் கேட்ட வகீதா, என் அறையில் பரிசோதனைக்குக் காத்திருந்த குப்பியை எடுத்துவந்து பஸ்பூஸாத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"என்ன அசிங்கம் இது? திங்கிற எடத்துல. எடுத்துட்டுப் போ," என்றார் சமீஹ்.

"ஹிலால் நெஞ்சுல இருந்து வந்தது டாக்டர். உங்க மருந்தைக் குடிச்ச அப்புறம். தண்ணியாத்தான் இருக்கு, நீங்க எழுதினது சரி. அதுல மெதக்குற பஞ்சையும் சேத்து எழுதிடுங்க."

அவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, நாற்றம் தாங்கவில்லை என்றார்.

"எனக்கும் இருபத்திரண்டு வருஷமா தாங்கல. ஆனா இன்னிக்கு வயித்தைப் பிரட்டுறது இந்தக் குப்பி இல்ல," என்று வகீதா அந்தத் தாளைக் காட்டினாள்.

ஷாஹிந்தா கையெழுத்துப் போடவில்லை. குப்பியை என்னிடம் தந்து நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார். பஞ்சு இழை, இறந்த செல்கள், சீழ் என்று கண்டதை எழுதினேன். தொழிலாளர்கள் அதன் நகலைத் தொழிலாளர் அலுவலகத்துக்குக் கொண்டுபோனார்கள். வசந்தம் வருவதற்குள் நான்கு காற்றாடிகளில் இரண்டு சுழன்றன. ஹிலாலுக்கு ஓய்வூதியம் கிடைத்தது. மாடிப்படி ஏற மட்டும் அவரால் பிறகு முடியவில்லை.

விருந்தினரை அவமதித்ததாக வகீதாவைச் சலவைக்கூடத்துக்கு மாற்றினார்கள். போய்ப் பார்த்தேன். தலையணை உறைகளை விரல் நுனியில் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். வருத்தமா என்று கேட்டேன். சமீஹ் அந்தப் பஸ்பூஸாவைத் தின்றாரா என்று அவள் திருப்பிக் கேட்டாள். இல்லை என்றேன். அது போதும் என்று தலையாட்டிக்கொண்டு அடுத்த உறையை எடுத்தாள்.