நைனா கட்டிய துணிப் பைகள்

எங்கள் நைனா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைப் பெறும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய நல்ல குணங்களை மட்டும் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நான் செய்த தப்பைச் சொல்லாமல் அவற்றைச் சொல்ல வரவில்லை.

நைனா பிறந்ததும் உயிர் விட்டதும் ஊத்துக்கோட்டைக்கு அருகே உள்ள எங்கள் ஊரில்தான். ஐந்தாவதோடு படிப்பு நின்றது. ஒன்றரை ஏக்கர் மேட்டு நிலத்தில் சூரியகாந்தி போட்டு என்னைப் படிக்க வைத்தார். அம்மா போன பிறகு தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டார். ஒரே மகளான எனக்குக் கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலை வேலை, ஆரம்பாக்கத்தில் ஓர் அறை. போனில், "சாப்ட்டியா நைனா?" என்பேன். "சாப்ட்டாச்சி, நீ?" என்பார். அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு வராது.

அந்த நாட்களில் எங்கள் நிலத்தில் வாடல் நோய் வந்தது. மண்ணில் இருக்கும் பூஞ்சணம் வேர் வழியாக ஏறும். அடி இலை மஞ்சளாகிக் கருகும்; தண்டைப் பிளந்தால் உள்ளே பழுப்பு. அப்படிப்பட்ட செடியில் பூ உள்ளங்கை அளவுதான், தட்டினால் பாதி விதை உள்ளீடில்லாத பொக்கு. ஊரில் எல்லோரும் உளுந்துக்கு மாறினார்கள். நைனா மாறவில்லை. காய்ந்த செடிகளுக்கு நடுவே ஏழு செடிகள் மட்டும் பச்சையாக நின்றதை அவர் பார்த்துவிட்டார். அவற்றின் பூ சாப்பாட்டுத் தட்டு அளவு இருந்ததாம்.

அந்த விதையை அடுத்த ஆண்டு அதே நோய் மண்ணில் போட்டார். அதிலும் வாடாமல் நின்றவற்றை மட்டும் தேர்ந்தெடுத்தார். தேனீ மற்றச் செடிகளின் மகரந்தத்தைக் கொண்டுவந்து கலக்காமல் இருக்க, பூ விரியும் முன்பே பழைய வேட்டியில் தைத்த பையால் மூடிக் கட்டுவார். காலையில் பையை விலக்கி, அந்தச் செடிகளின் மகரந்தம் தங்களுக்குள்ளேயே சேர மெல்லிய துணியால் ஒவ்வொரு பூவாக ஒற்றி, மறுபடி கட்டுவார்.

"இன்னாண்ணா, பூவுக்கு முக்காடு போட்டுக்கினு கீற?" என்று பக்கத்து வயல் அத்தை கிண்டல் செய்வார்.

"திருஷ்டி பட்டுடும்மா" என்பார் நைனா.

எனக்கு இதெல்லாம் தெரியாது. நான் கேட்டதும் இல்லை. அவர் போவதற்கு முந்தைய ஆண்டு மாசியில் இரண்டு நாள் லீவில் வந்தேன். நைனா கடைக்குப் போயிருந்தார். வயலில் பூக்களின் மேல் இருந்த பைகள் எல்லாம் மண்ணும் பறவை எச்சமுமாக இருந்தன. பாவம், துவைக்க ஆளில்லை என்று நினைத்து அத்தனையையும் அவிழ்த்துச் சோப்புப் போட்டுத் துவைத்துக் கொடியில் காயப்போட்டேன்.

நைனா வந்தார். கொடியையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு பையைத் தொட்டு, "நல்லா வெள்ளையாத்தான் கீது" என்றார்.

பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். "தேனீ பூந்திருக்கும். இந்த வெதை இனி ஆவாது." நான் அழுதேன். "வுடு கண்ணு. டப்பால பழசு கொஞ்சம் கீது. அடுத்த போகம் இருக்கச்சொல்ல இன்னா பேஜாரு?"

அடுத்த போகம்தான் அவருக்குக் கடைசி. பைகளைக் கட்டி முடித்த நான்காம் நாள் மார்வலி வந்தது. நான் வந்து சேர்வதற்குள் போய்விட்டார். ஒரு வருஷத்தை நான்தான் அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை.

காரியம் நடந்த நாட்களிலும் தவறாமல் காலையில் போய்ப் பூக்களை ஒற்றிவிட்டு வந்தவர் அந்த அத்தை. அவருக்கும், நைனாவைத் தூக்கிக்கொண்டு ஓடிய தெருக்காரர்களுக்கும், எனக்காக ஷிப்ட் மாற்றிக்கொண்ட தோழிகளுக்கும் என் நன்றி.

அந்தப் பூக்களில் கிடைத்த விதையை இந்த ஆண்டு நோய் மண்ணிலேயே விதைத்தேன். பக்கத்தில் கடையில் வாங்கிய விதையும் ஒரு வரிசை போட்டேன். நல்ல மண்ணில் கடை விதைதான் அதிகம் காய்க்கும் என்று நைனாவே சொல்வார். இங்கே அது வாடிவிட்டது. நைனாவின் செடிகளில் பெரும்பாலானவை நிற்கின்றன. அதைப் பார்த்துவிட்டு வந்து சொல்ல வீட்டில் நைனா இல்லை.

நினைவு நாளுக்கு வருபவர்கள் வயலையும் பார்க்கலாம். பூக்களின் மேல் கட்டியிருக்கும் பைகளை மட்டும் தயவுசெய்து யாரும் அவிழ்க்க வேண்டாம். அழுக்காகத்தான் இருக்கும். நான் துவைக்கவில்லை.